ஹார்பர்ல ஃபெர்ரி ட்ராஃபிக்கை கம்ப்யூட்டர்ல ஓட்டிப் பாக்குறது எப்படி, எதுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் அலமீடாவுல இருந்து சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு தினமும் ஃபெர்ரில வேலைக்குப் போய் வர்ற ஆள், தொழிலும் சிமுலேஷன்தான், கிடங்கு, லாரி, க்யூ இந்த மாதிரி. இந்த ரெண்டும் ஒண்ணா சேர்ற இடம்தான் இந்தப் பக்கம். கூட வேலை பாக்குறவங்க, ஊர்ல இருக்குற தம்பி தங்கச்சிங்க, ப்ராஜெக்ட் பண்ற பசங்கன்னு ஆளாளுக்கு கேட்டதை எல்லாம் சேர்த்து எழுதியிருக்கேன்.

கேள்வி: ஃபெர்ரி ட்ராஃபிக்கை எதுக்கு சிமுலேட் பண்ணணும்? டைம்டேபிள் இருக்கு, கேப்டன் இருக்காரு, அது போதாதா?

இன்னைக்கு ஓடுற ஃபெர்ரிக்கு அது போதும்தான். நாளைக்கு ஃபெர்ரி எண்ணிக்கையை ரெண்டு மடங்கு ஆக்கப் போறோம், புதுசா ஆறு ஊர்ல ஜெட்டி கட்டப் போறோம்னு ஒரு அரசு சொல்லுச்சுன்னா அப்ப தண்ணியில நெரிசல் எப்படி இருக்கும்னு யாரைப் போய் கேக்குறது? ரோடா இருந்தா ஒரு வாரம் ட்ரையல் பாக்கலாம். கடல்ல முந்நூறு நானூறு பேரை ஏத்திக்கிட்டு ட்ரையல் பாக்க முடியாது. அதனால அந்த ஹார்பரையே கம்ப்யூட்டருக்குள்ள கட்டி, எல்லாக் கப்பலையும் உள்ள விட்டு, ஒரு வருஷத்தை சில நிமிஷத்துல ஓட்டி, எங்கெங்க எப்பெப்ப யாரும் யாரும் நெருங்கி வர்றாங்கன்னு எண்ணிப் பாக்குறோம்.

கேள்வி: இது நிஜமாவே எங்கயாவது நடந்திருக்கா, இல்ல வெறும் காலேஜ் ப்ராஜெக்டா?

நடந்திருக்கு, அதுவும் நான் தினமும் தாண்டிப் போற அதே தண்ணியில. 1999ல கலிஃபோர்னியா அரசு சான் ஃபிரான்சிஸ்கோ பே ஏரியா வாட்டர் ட்ரான்சிட் அத்தாரிட்டின்னு ஒண்ணை உண்டாக்குச்சு, வேலையே விரிகுடாவுல ஃபெர்ரி சேவையை பெரிய அளவுல பெருக்குறதுக்கு திட்டம் போடுறதுதான். அப்ப எழுந்த முக்கியமான கேள்வி பாதுகாப்பு. அதுக்கு வர்ஜீனியா காமன்வெல்த் பல்கலைக்கழகத்தோட ஜேசன் மெரிக், ஜார்ஜ் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தோட ரெனே வான் டார்ப், இன்னும் சில பேர் சேர்ந்து ஒரு சிமுலேஷன் மாடல் கட்டினாங்க. இப்ப இருக்குற ட்ராஃபிக் ஒரு பக்கம், விரிவாக்கத்துக்கு போட்ட மூணு மாற்றுத் திட்டம் இன்னொரு பக்கம், நாலையும் ஓட்டி கப்பலுங்க ஒண்ணை ஒண்ணு நெருங்குறது எந்த இடத்துல எவ்வளவு கூடுதுன்னு மேப்பாவே போட்டாங்க. 2003ல ஆய்வுக் கட்டுரையா வந்துச்சு. இந்தக் குழுவுல பல பேர் அதுக்கு முன்னாடி அலாஸ்காவுல பிரின்ஸ் வில்லியம் சவுண்டு (1989ல எக்ஸான் வால்டெஸ்ங்கிற டேங்கர் தரை தட்டி எண்ணெய் கொட்டின இடம்), அப்புறம் வாஷிங்டன் மாநில ஃபெர்ரி, ரெண்டுக்கும் இதே மாதிரி வேலை பண்ணவங்க, அதனால கை பழகியிருந்துச்சு.

கேள்வி: சான் ஃபிரான்சிஸ்கோவுல அப்படி என்ன விசேஷம்?

ஒரு காலத்துல இந்த ஊரே ஃபெர்ரியிலதான் ஓடுச்சு. 1898ல திறந்த ஃபெர்ரி பில்டிங் வழியா 1930கள்ல தினமும் 50,000 பேர் வரைக்கும் போய் வந்திருக்காங்க. 1936ல பே பிரிட்ஜ், 1937ல கோல்டன் கேட் பிரிட்ஜ், ரெண்டும் வந்ததும் எல்லாரும் காருக்கு மாறிட்டாங்க, 1958ல பெரிய கம்பெனி ஃபெர்ரி கடைசியா நின்னே போச்சு. 1970ல சாசலிடோவுக்கும் 1976ல லார்க்ஸ்பருக்கும் திரும்ப மெல்ல ஆரம்பிச்சுது. 1989 அக்டோபர் 17ஆம் தேதி சாயங்காலம் லோமா ப்ரியெட்டா பூகம்பத்துல பே பிரிட்ஜோட மேல்தளத்துல ஒரு துண்டு விழுந்து ஒரு மாசம் பாலம் மூடிக் கிடந்தப்பதான் ஃபெர்ரி எவ்வளவு முக்கியம்னு ஊருக்கு மறுபடியும் உறைச்சுது, அந்த ஒரு மாசம் நிறைய ஜனங்க தண்ணி வழியா வேலைக்குப் போனாங்க.

இப்ப தண்ணியில யார் யார் இருக்காங்கன்னு பாருங்க. ஓக்லண்ட் போர்ட்டுக்குப் போற கண்டெய்னர் கப்பல் எல்லாம் கோல்டன் கேட் வழியா உள்ள வந்து பே பிரிட்ஜுக்கு அடியில புகுந்துதான் போகணும். ரிச்மண்ட், மார்ட்டினெஸ் பக்கம் ரிஃபைனரிக்குப் போற டேங்கர். அல்காட்ராஸ் தீவுக்குப் போற டூரிஸ்ட் படகு. டக் போட் (பெரிய கப்பலை இழுக்குற, தள்ளுற படகு), மீன்பிடி படகு, சனி ஞாயிறுன்னா நூத்துக்கணக்குல பாய்மரப் படகு, கோல்டன் கேட் ஓரமா காத்துல பறக்குற கைட் போர்டு பசங்க வேற. இத்தனைக்கும் நடுவுல 30 நாட், 35 நாட் (ஒரு நாட்னா மணிக்கு ஒரு கடல் மைல்) வேகத்துல சீறிப் போற கேட்டமரன் ஃபெர்ரிங்க. கோல்டன் கேட் வாய்ல ஓதத்தோட (கடல் ஏத்த வத்தத்தோட) இழுப்பு 4 நாட்டுக்கும் மேல போகும், கோடையில கடல் பக்கத்துல இருந்து மூடுபனி சுவர் மாதிரி உருண்டு வரும், மழைக்காலத்துல உள்நாட்டுப் பள்ளத்தாக்குல இருந்து இன்னொரு வகைப் பனி தண்ணியை ஒட்டியே படுத்துக்கும்.

கேள்வி: பழைய விபத்துக் கணக்கை எடுத்து சராசரி போட்டா போதாதா?

எல்லாரும் முதல்ல கேக்குறது இதுதான். போதாது. காரணம் நல்ல காரணம்: ஃபெர்ரி பெரிய கப்பலோட மோதுறது ரொம்ப ரொம்ப அரிது. இருபது வருஷத்துல ஒண்ணு ரெண்டுகூட இல்லாத விஷயத்துல சராசரி எதைப் போடுறது? பூஜ்யத்தை இருபதால வகுத்தா பூஜ்யம், ஆனா ரிஸ்க் பூஜ்யம் இல்லையே. அதோட பழைய கணக்கு பழைய ட்ராஃபிக்குக்குத்தான், இன்னும் ஓட ஆரம்பிக்காத ஃபெர்ரிக்கு ஏது பழைய கணக்கு.

அரிதுங்கிறதுக்காக சும்மா விட்டுடவும் முடியாது. 1971 ஜனவரி 18ஆம் தேதி ராத்திரி மூடுபனியில ரெண்டு டேங்கர் கோல்டன் கேட் பாலத்துக்கிட்ட மோதி சுமார் 8 லட்சம் கேலன் எண்ணெய் விரிகுடாவுல கொட்டுச்சு. அடுத்த வருஷமே அமெரிக்காவுல துறைமுகப் பாதுகாப்புச் சட்டம் வந்துச்சு, கோஸ்ட் கார்டு சான் ஃபிரான்சிஸ்கோவுல கப்பல் போக்குவரத்து கண்காணிப்பு மையத்தை, விடிஎஸ்னு சொல்றது, அதை 1972ல ஆரம்பிச்சாங்க, இன்னைக்கும் யெர்பா புவெனா தீவுல இருந்துதான் அது நடக்குது. அப்படியும் 2007 நவம்பர் 7ஆம் தேதி காலையில அடர்த்தியான பனியில கோஸ்கோ பூசான்ங்கிற கண்டெய்னர் கப்பல் பே பிரிட்ஜ் தூணோட பாதுகாப்புக் கட்டையில உரசிக் கிழிஞ்சு சுமார் 53,000 கேலன் எண்ணெய் கொட்டுச்சு. பறவைங்க ஆயிரக்கணக்குல செத்துச்சு. அன்னைக்கு அந்த இடத்துல ஒரு ஃபெர்ரி இருந்திருந்தான்னு நினைச்சாலே எனக்கு வயித்தைப் பிசையுது.

கேள்வி: விபத்தை எண்ணலைன்னா வேற எதைத்தான் எண்ணுறீங்க?

நெருக்கத்தை. இந்த விஷயத்துல ஒண்ணே ஒண்ணுதான் மனசுல நிக்கணும்னா அது இதுதான். ஒவ்வொரு மோதலுக்கும் முன்னாடி ரெண்டு கப்பல் ஒண்ணை ஒண்ணு நெருங்குற நிலைமை வந்தே ஆகணும், அதுல ஆயிரக்கணக்குல நல்லபடியா முடியும், ஒண்ணு தப்பா போகும். அந்த நல்லபடியா முடிஞ்சதை எண்ணினா கையில நிறைய டேட்டா இருக்கும்.

ஒரு கணக்கு போட்டுக் காட்டுறேன். ஃபெர்ரி 30 நாட் வேகத்துல கிழக்கு நோக்கிப் போகுது, கண்டெய்னர் கப்பல் 10 நாட்ல வடக்கு நோக்கிப் போகுது, ரெண்டு பாதையும் செங்குத்தா வெட்டிக்குது. வெட்டுற புள்ளிக்கு ஃபெர்ரி 2 கடல் மைல் தள்ளி, கப்பல் அரை மைல் தள்ளி. ஃபெர்ரிக்கு அங்க போக 4 நிமிஷம், கப்பலுக்கு 3 நிமிஷம், சரி, கப்பல் முன்னாடியே தாண்டிடும், பிரச்சினை இல்லன்னு தோணும். ஆனா ரெண்டும் இப்படியே போனா எப்ப மிக நெருக்கமா வரும்னு கணக்கு போட்டா 3.9 நிமிஷத்துல, ரெண்டோட நடுப்புள்ளிக்கும் இடையில 0.16 கடல் மைல், அதாவது சுமார் 290 மீட்டர். கப்பலோட நீளமே 300 மீட்டர்னு வச்சுக்குங்க, அப்ப பாதி நீளம் பின்னாடி நீட்டிக்கிட்டு இருக்கும்ல, ஃபெர்ரிக்கும் கப்பலோட பின்பக்கத்துக்கும் நிஜமா இருக்குற இடைவெளி 160 மீட்டர்தான். அதுவும் அந்தக் கப்பலோட விசிறி கலக்கி விட்ட தண்ணிக்குள்ள.

சிமுலேஷன் இதையே ஒவ்வொரு நிமிஷமும், தண்ணியில இருக்குற ஒவ்வொரு ஜோடிக்கும் பண்ணும். நெருங்குற தூரமும், நெருங்க ஆகுற நேரமும் ஒரு எல்லைக்குள்ள வந்துச்சுன்னா 'இங்க ஒரு சந்திப்பு'ன்னு அந்தக் கட்டத்துல ஒரு புள்ளி போடும். எதிரெதிரா, குறுக்க, பின்னாடி இருந்து முந்துறது, மூணையும் தனித்தனியா எழுதி வைக்கும், ஏன்னா மூணோட ஆபத்தும் ஒண்ணு இல்ல.

கேள்வி: அந்த எல்லையை யார் முடிவு பண்றது?

நாமதான், அதனாலதான் அதை வெளிப்படையா சொல்லணும். ஜப்பான்ல ஃபூஜியும் தனாகாவும் 1971லயே ரேடார்ல பாத்து, ஒவ்வொரு கப்பலைச் சுத்தியும் ஒரு முட்டை வடிவ இடம் இருக்கு, மத்த கப்பல் அதுக்குள்ள வராம கேப்டனுங்க தானாவே விலகிப் போறாங்கன்னு கண்டுபிடிச்சாங்க, நீளவாக்குல கப்பல் நீளத்தைப் போல சுமார் 8 மடங்கு. கூட்ட நேரத்துல கோயம்பேட்டுல ஆட்டோவுக்கும் பஸ்ஸுக்கும் இருக்குற இடைவெளியும் ஊருக்கு வெளிய பைபாஸ்ல இருக்குற இடைவெளியும் ஒண்ணா இல்லைல்ல, அதே மாதிரி அந்த முட்டையும் ஹார்பருக்குள்ள சுருங்கும். அதனால ரெண்டு மூணு எல்லை வச்சு ஓட்டிப் பாக்கணும். எல்லையை மாத்தினா எண்ணிக்கை கண்டிப்பா மாறும், ஆனா எந்தத் திட்டம் எந்தத் திட்டத்தை விட மோசம்ங்கிற வரிசை மாறுதான்னு பாருங்க, வரிசை மாறலைன்னா நம்பலாம்.

கேள்வி: உள்ள என்னென்ன டேட்டா போகணும்?

ஃபெர்ரிதான் சுலபம், டைம்டேபிள் இருக்கு. ஆனா 5:30 ஃபெர்ரி சரியா 5:30க்கு கிளம்பாது. கூட்டம் ஏற லேட், வீல்சேர்ல வர்றவங்களுக்குக் காத்திருக்கறது, சைக்கிளை அடுக்குறதுன்னு ஒண்ணு ரெண்டு நிமிஷம் முன்ன பின்ன ஆகும். இந்த ஆட்டத்தை விட்டுட்டு நான் முதல்ல ஒரு சின்ன மாடல் எழுதினப்ப ஃபெர்ரி பில்டிங் முன்னாடி அரை மணிக்கு ஒரு தடவை ஒரே மாதிரி குத்துச்சண்டை, மத்த நேரம் ஆளே இல்ல, பாத்தாலே பொய்னு தெரிஞ்சுது. கிளம்புற நேரத்துல அந்தச் சின்ன ஆட்டத்தைப் போட்டதும்தான் நான் ஜன்னல் வழியா பாக்குற விரிகுடா மாதிரியே வந்துச்சு.

பெரிய கப்பலுங்க எப்ப வரும்ங்கிறது விடிஎஸ் பதிவுல இருந்து, எந்த வகைக் கப்பல் எந்த வழியில எவ்வளவு அடிக்கடின்னு எடுத்து, அதுக்கேத்த மாதிரி ராண்டமா உள்ள விடணும். கண்டெய்னர் கப்பலுக்கு ஓதத்தையும் பாக்கணும், ஆழம் கம்மியான சானல்ல ஏத்தத்துல போறதுக்கும் வத்தத்துல போறதுக்கும் வித்தியாசம் இருக்கு. பாய்மரப் படகுதான் பெரிய தலைவலி, யாரும் ரிப்போர்ட் பண்றதில்ல, ரேஸ் காலண்டரை எடுத்து எந்த நாள் எந்த மூலையில ரேஸ்னு உள்ள போடணும். கோடையில வெள்ளிக்கிழமை சாயங்காலமும் சில யாட் கிளப் ரேஸ் வைக்கும், ஃபெர்ரி கூட்டமும் அதே நேரம்தான், நாள் சராசரி பாத்தா இது கண்ணுலயே படாது. அதனால மணி நேரவாரியா பாக்காத மாடலை நான் நம்புறதில்ல.

பனி, காத்து: பல வருஷத்து மணி நேரப் பதிவை அப்படியே ஓட விடுறது நல்லது. பனி வந்தா மணிக்கணக்கா நிக்கும், ஒவ்வொரு மணிக்கும் தனித்தனியா பகடை உருட்டினா அந்தத் தொடர்ச்சி போயிடும்.

கேள்வி: கம்ப்யூட்டர்ல ஓடுற கப்பலுக்கு கேப்டனோட புத்தி எப்படி வரும்?

முழுசா வராது. விதியைச் சொல்லிக் கொடுக்கலாம்: வலது பக்கத்துல இருந்து குறுக்க வர்றவனுக்கு வழி விடு, முந்துறவன்தான் விலகணும், எதிரெதிரா வந்தா ரெண்டு பேரும் வலது பக்கம் திரும்பு, குறுகின சானல்ல பெரிய கப்பலோட வழியை மறிக்காத. ஆனா தண்ணியில நடக்குறது விதியோட நிக்கிறதில்ல. என் ஃபெர்ரி ஓக்லண்ட் எஸ்ச்சுவரில (கழிமுகத்துல) இருந்து வெளிய வரும்போது ஒரு நாள் கண்டெய்னர் கப்பல் ஒண்ணு உள்ள திரும்பிக்கிட்டு இருந்துச்சு, முன்னாடி ஒண்ணு பின்னாடி ஒண்ணுன்னு டக் போட் பிடிச்சிருக்கு. எங்க கேப்டன் ரொம்ப முன்னாடியே வேகத்தைக் குறைச்சாரு, எஞ்சின் சத்தம் இறங்கினதுல தூங்கிக்கிட்டு இருந்தவங்க முழிச்சாங்க, காபி கப் லேசா நடுங்கிட்டு நின்னுச்சு, ஜன்னல் முழுக்க ஒரு கருஞ்சிவப்புச் சுவர் மெதுவா நகர்ந்து போகுது, வானமே தெரியல. அது தாண்டினதும் அதோட பின்பக்கமா வளைச்சுப் போனாரு. ரேடியோவுல பேசி முன்னாடியே முடிவு பண்ணியிருப்பாங்க, இங்க விடிஎஸ்க்கு விஎச்எஃப் 14ஆம் சானல், கப்பலுக்கும் கப்பலுக்கும் 13ஆம் சானல். ஃபெர்ரிக்காரங்க பெரிய கப்பலைப் பாத்தா யாரோட உரிமைன்னு பாக்காம முன்கூட்டியே ஒதுங்குறாங்க, அவங்களால நிறுத்த முடியும், 300 மீட்டர் கப்பலால ஒரு மைலுக்குள்ள நிக்குறதே கஷ்டம்.

இந்தப் பழக்கத்தை எல்லாம் கேப்டனுங்களோட உக்காந்து பேசித்தான் வாங்க முடியும். ஃபெர்ரில டெக்ஹேண்டா (தளத்துல வேலை பாக்குற ஆளா) இருந்த ஒருத்தர் என் மாடலை ரெண்டு நிமிஷம் பாத்துட்டு "வத்தம் இழுக்கும்போது இவ்வளவு ஒட்டி தூணுகிட்ட யாரும் போகமாட்டாங்க"ன்னு விரலை வச்சுக் காட்டினாரு. நான் மூணு மாசம் பாத்தும் கண்டுபிடிக்கல.

ஆராய்ச்சியில சிலர் வேணும்னே கப்பலுங்களை ஒதுங்க விடாம நேரா ஓட்டுவாங்க. அப்ப வர்றது 'யாரும் எதுவும் செய்யலைன்னா' ங்கிற எண்ணிக்கை, கேப்டன் எத்தனை தடவை முடிவெடுக்க வேண்டியிருக்குங்கிறதோட அளவு அது. அதுவும் உபயோகமானதுதான், எதைச் செஞ்சோம்னு சொல்லிட்டா போதும்.

கேள்வி: ஃபெர்ரி ரெண்டு மடங்கானா ஆபத்தும் ரெண்டு மடங்குதானே?

இல்லவே இல்ல, இதுக்காகத்தான் சிமுலேஷனே. 20 ஃபெர்ரியும் 5 பெரிய கப்பலும் ஒரே நேரத்துல தண்ணியில இருக்குன்னு வச்சுக்குவோம். ஃபெர்ரியும் கப்பலும் சேர்ந்த ஜோடி 100. ஃபெர்ரியும் ஃபெர்ரியும் சேர்ந்த ஜோடி 190. ஃபெர்ரியை 40 ஆக்குங்க. முதலாவது 200, ரெண்டு மடங்கு. ரெண்டாவது 780, நாலு மடங்குக்கும் மேல. ஆக, கூட்டம் கூடக் கூட ஃபெர்ரிக்கு ஃபெர்ரிதான் முக்கியப் பங்காளி ஆகுது.

ஆனா ஜோடி இருக்குங்கிறதுக்காக எல்லாம் சந்திச்சிடாது. வலேஹோ ஃபெர்ரியும் சவுத் சான் ஃபிரான்சிஸ்கோ ஃபெர்ரியும் வேற வேற திசை. பெரும்பாலான ஃபெர்ரி சேர்ற இடம் ஒண்ணுதான், ஃபெர்ரி பில்டிங் வாசல், அதுவும் காலையில எல்லாருக்கும் ஒரே ஆபீஸ் நேரம். இதுல நல்ல சேதியும் இருக்கு, ஃபெர்ரிக்கும் ஃபெர்ரிக்கும் நடுவுல வர்ற நெருக்கத்தை டைம்டேபிளை நாலஞ்சு நிமிஷம் தள்ளி வச்சே நிறைய குறைக்கலாம், வர்ற பாதையையும் போற பாதையையும் பிரிச்சு விடலாம், அது நம்ம கையில இருக்கு. சீனாவுல இருந்து வர்ற கண்டெய்னர் கப்பலுக்கு நம்ம டைம்டேபிள் தெரியாது. அதனால மொத்தமா ஒரு எண்ணைக் காட்டி 'ரிஸ்க் இவ்வளவு கூடுது'ன்னு சொல்றதை விட, யாரோட யார், எந்த இடம், எந்த மணின்னு பிரிச்சுக் காட்டுறதுதான் நேர்மையான வேலைன்னு நான் நினைக்கிறேன்.

கேள்வி: மூடுபனியில என்ன மாறும்?

நேரம் சுருங்கும். 35 நாட் ஃபெர்ரியும் 12 நாட் கப்பலும் எதிரெதிரா வந்தா சேர்ந்த வேகம் 47 நாட், ஒரு கடல் மைல் இடைவெளி 77 செகண்டுல தீர்ந்துடும். கால் மைல்தான் கண்ணுக்குத் தெரியுதுன்னா, பாத்ததுல இருந்து 19 செகண்டு. மூச்சை நாலஞ்சு தடவை இழுத்து விடுற நேரம். ஃபெர்ரிக்காரங்க அதனாலதான் பனியில வேகத்தைக் குறைக்கிறாங்க, ரேடாரை ஒருத்தர், வெளிய ஒருத்தர்னு ஆள் போட்டுப் பாக்குறாங்க. மாடல்லயும் பனி வந்தா வேகம் குறையணும், அந்த வேகக் குறைப்பால அடுத்த ட்ரிப் லேட்டாகும், லேட்டான ஃபெர்ரி வேற ஃபெர்ரியோட நேரத்துல வந்து நிக்கும். இந்தச் சங்கிலியை காகிதத்துல கணக்கு போட முடியாது, ஓட்டித்தான் பாக்கணும்.

கேள்வி: ஒரு தடவை ஓட்டினா பத்தாதா?

பத்தாது. ஒவ்வொரு தடவையும் கப்பல் வரவு வேற, பனி வேற. பல தடவை ஓட்டி சராசரியும் பரவலும் எடுக்கணும், தப்பு பாதியாகணும்னா நாலு மடங்கு ஓட்டணும். ரெண்டு திட்டத்தை ஒப்பிடும்போது ரெண்டுக்கும் அதே பனி, அதே கப்பல் வரவைக் கொடுங்க, அப்பதான் வித்தியாசம் திட்டத்தால வந்ததுன்னு சொல்ல முடியும்.

கேள்வி: மாடல் சரியா இருக்குன்னு எப்படி நம்புறது?

முதல்ல இன்னைக்கு இருக்குற ட்ராஃபிக்கை ஓட்டி, பே பிரிட்ஜுக்கு அடியில ஒரு நாளைக்கு எத்தனை தாண்டுது, லார்க்ஸ்பர்ல இருந்து வர எத்தனை நிமிஷம் ஆகுது, இதெல்லாம் நிஜத்தோட ஒத்துப் போகுதான்னு பாக்கணும். அப்புறம் ஸ்கிரீன்ல ஓட விட்டு அந்தத் தண்ணியில வேலை பாக்குறவங்களைக் கூப்பிட்டுக் காட்டணும். இதைச் செய்யாம வெறும் டேபிளைக் காட்டுறவங்களைப் பாத்தா எனக்குக் கோபமே வரும். இதுல ஏறிப் போறவங்க நிஜ மனுஷங்க.

கேள்வி: ஏஐஎஸ் (கப்பல் தன் இடத்தை ரேடியோ வழியா தானா சொல்ற கருவி) வந்த பிறகு எல்லாக் கப்பலும் எங்க இருக்குன்னு தெரியுதே, இன்னும் சிமுலேஷன் எதுக்கு?

ஏஐஎஸ் பெரிய வரம், சந்தேகமே இல்ல. பெரிய கப்பலுங்க ஓடும்போது 2 முதல் 10 செகண்டுக்கு ஒரு தடவை தான் எங்க இருக்கேன், எந்தப் பக்கம், எவ்வளவு வேகம்னு தானா சொல்லிக்கிட்டே இருக்கும். 2003ல அந்த ஆய்வு பண்ணவங்களுக்கு இது இந்த அளவு கிடையாது. இப்ப பாதையும் வேகமும் ஊகிக்க வேண்டாம், ஆனா ஏஐஎஸ் சொல்றது நடந்து முடிஞ்சது, கட்டாத ஜெட்டியில இருந்து கிளம்பாத ஃபெர்ரிக்கு அதுல பதிவு கிடையாது. சின்ன பாய்மரப் படகு நிறைய அதுல வராதுங்கிறதையும் மறந்துடக் கூடாது, ஏஐஎஸ் மேப்பைப் பாத்து ஞாயித்துக்கிழமை விரிகுடா காலியா இருக்குன்னு நினைச்சா அது பெரிய தப்பு.

கேள்வி: கடைசியா, வருஷத்துக்கு எத்தனை விபத்துன்னு சொல்லுமா சொல்லாதா?

சொல்ல வைக்கலாம், ஆனா ஜாக்கிரதையா. நெருக்கத்தோட எண்ணிக்கையை, ஒரு நெருக்கம் மோதலா முடியறதுக்கான வாய்ப்பால பெருக்கணும். ஃபூஜி மாதிரி ஆளுங்க எழுபதுகள்லயே போட்ட கணக்குல அந்த வாய்ப்பு 10,000த்துல ஒண்ணுங்கிற அளவுல வருது, அதாவது ரெண்டு பேரும் கண்ணை மூடிக்கிட்டு நேரா போனா மோதுவாங்கங்கிற நிலைமை 10,000 தடவை வந்தா ஒரு தடவை நிஜமாவே மோதுறாங்க. அது ஜப்பான் ஜலசந்திக் கணக்கு, அதை அப்படியே ரெண்டு எஞ்சின் இருக்குற, அதே ரூட்ல தினமும் பல தடவை போற ஃபெர்ரி கேப்டன் மேல ஒட்ட முடியாது. அதனால கேப்டனுங்களையும் பைலட்டுங்களையும் (துறைமுகத்துக்குள்ள பெரிய கப்பலுக்கு வழி காட்டுறவங்க) உக்கார வச்சு "இந்த நிலைமை ஆபத்தா, அந்த நிலைமையா, எத்தனை மடங்கு"ன்னு ஜோடி ஜோடியா கேட்டு எடை போடுற முறை இருக்கு. வாஷிங்டன் ஃபெர்ரி ஆய்வுல அதைத்தான் பண்ணாங்க. அப்படி வர்ற எண்ணுல எவ்வளவு நிச்சயமின்மை இருக்குன்னு மறைக்காம காட்டணும்னு மெரிக்கும் வான் டார்ப்பும் 2006ல தனியா ஒரு கட்டுரையே எழுதினாங்க. ஒரு எண்ணை மட்டும் தூக்கிக் காட்டினா அதிகாரிங்க அதையே பிடிச்சுக்குவாங்க, அகலத்தையும் சேர்த்துக் காட்டினாத்தான் எங்க தெளிவு இருக்கு, எங்க இல்லன்னு அவங்களுக்கே புரியும்.

கேள்வி: கப்பல் ஓட்டுற பயிற்சி சிமுலேட்டரும் இதுவும் ஒண்ணா?

இல்ல. அது சுத்தி ஸ்கிரீன் வச்ச ஒரு ரூம், ஒரு ஆளு ஒரு கப்பலை நிஜ நேரத்துல ஓட்டுவாரு. இது ஆள் இல்லாம ஆயிரக்கணக்குல ட்ரிப்பை வேகமா ஓட்டுறது. இது எந்த இடம் ஆபத்துன்னு சொல்லும், அந்த இடத்தை அதுல போட்டு கேப்டனுங்க பழகலாம்.

கேள்வி: நான் ஸ்டூடண்ட், வீட்டுல லேப்டாப்லயே பண்ணலாமா?

தாராளமா. பைத்தான் போதும். கரையோர மேப், நாலு ஃபெர்ரி ரூட், கிளம்புற நேரத்துல சின்ன ஆட்டம், ரெண்டு வகைக் கப்பல், நேரத்தை ஒவ்வொரு நிமிஷமா நகர்த்துங்க. மேல நான் போட்ட 3.9 நிமிஷக் கணக்கை உங்க கோடு சரியா சொல்லுதான்னு முதல்ல பாருங்க, அது சொல்லலைன்னா மேல போகாதீங்க. ஒரு சந்திப்பை ஒரு தடவை எண்ணுறீங்களா, நெருக்கமா இருக்குற ஒவ்வொரு நிமிஷமும் எண்ணுறீங்களான்னு முதல்லயே முடிவு பண்ணி எழுதி வைங்க, பாய்மரப் படகு மெதுவா போகும், அதனால நிமிஷக் கணக்குல அதுதான் எல்லாத்தையும் மூழ்கடிச்சிடும். என்கிட்ட காட்டுற பசங்கள்ல பாதிப் பேர் இங்கதான் தடுக்கி விழுறாங்க. ஃபெர்ரி தீவு மேல ஏறிப் போகாம பாதையில புள்ளிங்களை வைக்கறதுக்கும் ஒரு நாள் போகும், பொறுமையா பண்ணுங்க.

கேள்வி: அந்த விரிவாக்கத் திட்டம் என்ன ஆச்சு?

முழுசா ஒரே அடியா வரல, துண்டு துண்டா வந்துக்கிட்டு இருக்கு. 2003ல திட்டம் முடிவாச்சு, 2004ல பாலத்துச் சுங்கத்தைக் கூட்ட ஜனங்க ஓட்டுப் போட்டாங்க, அதுல ஒரு பங்கு ஃபெர்ரிக்கு. 2007ல சட்டம் மாத்தி, பேரிடர் நேரத்துல ஆளுங்களை தண்ணி வழியா கொண்டு போற பொறுப்பையும் சேர்த்து புது அமைப்பா ஆக்கினாங்க. 2012ல சவுத் சான் ஃபிரான்சிஸ்கோ, 2019ல ரிச்மண்ட், 2021ல அலமீடாவுல சீப்ளேன் லகூன் ஜெட்டி, 2024ல ஹைட்ரஜன்ல ஓடுற சீ சேஞ்ச்னு ஒரு ஃபெர்ரி. ஃபெர்ரி பில்டிங் பக்கத்துல புது மிதவை மேடை எல்லாம் போட்டு வாசலை அகலப்படுத்தியிருக்காங்க, சாயங்காலம் 5:20 வாக்குல அங்க நின்னா மூணு நாலு ஃபெர்ரி வெளிய மெதுவா வட்டமடிச்சு தன் முறைக்குக் காத்திருக்கறதைப் பாக்கலாம்.